சீனாவுல ஸ்கூல் பசங்க புகைக்கிறது குறைஞ்சிருக்கு, ஆனா அந்த 4.2% எதைச் சொல்லல?

சீனாவுல மிடில் ஸ்கூல், ஹைஸ்கூல் பசங்கள்ல சிகரெட் புகைக்கிறவங்க 2019ல 5.9%, 2021ல 4.7%, 2023ல 4.2%. அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஸ்கூல் ஸ்கூலா போய் எடுக்கிற சர்வே இது. இதே நாட்டுல 2018ல 15 வயசுக்கு மேல உள்ள ஆம்பளைங்கள்ல 50.5% பேர் புகைச்சிட்டு இருந்தாங்க. மொத்தமா 30 கோடிப் பேருக்கு மேல, அதாவது உலகத்துல சிகரெட் பிடிக்கிறவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் சீனர்.

ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா யாருக்கும் ஒரு கேள்வி வரும். ஸ்கூல்ல நூத்துக்கு நாலு பேர்தான் தொடுறாங்கன்னா, அப்புறம் பாதி ஆம்பளைங்க எங்கிருந்து வந்தாங்க? வயசானவங்க பழைய காலத்துப் பழக்கத்துல இருக்காங்கங்கிறது ஒரு பகுதி பதில், அது சரிதான். ஆனா அது மட்டும் போதாது, மீதி பதில் 15 வயசுக்கும் 20 வயசுக்கும் நடுவுல இருக்கு, தடுப்பு வேலை நடக்கவேண்டிய இடமும் அதுதான்.

முதல்ல இந்த நம்பர் எதை அளக்குது

1. இந்த மாதிரி பசங்க சர்வேயில "இப்ப புகைக்கிறவர்"னா போன 30 நாள்ல ஒரு நாளாவது ஒரு சிகரெட் புகைச்சவர். தினமும் ஒரு பாக்கெட் ஊதுறவரும், ஃப்ரெண்டு கொடுத்தான்னு ஒரே ஒரு தடவ இழுத்தவரும் ஒரே கணக்குலதான் வருவாங்க.

2. ஸ்கூல்ல வகுப்புக்கு வந்த பசங்ககிட்டதான் கேக்குறாங்க. படிப்ப விட்டுட்டு ஃபேக்டரிக்கோ ஹோட்டல் வேலைக்கோ போன பையன் இந்தக் கணக்குல கிடையாது.

3. "பசங்க"ன்னு ஒரே கூட்டமா சொல்றோம், உள்ள பிரிச்சுப் பார்த்தா படம் மாறுது. 2019 சர்வேயில மிடில் ஸ்கூல்ல 3.9%, சாதாரண ஹைஸ்கூல்ல 5.6%, தொழிற்கல்வி ஹைஸ்கூல்ல 14.7%.

இந்த மூணாவது விஷயத்துல கொஞ்சம் நிக்கணும். சீனாவுல ஒன்பதாம் வகுப்பு முடிஞ்சதும் ஜோங்காவ்னு ஒரு பெரிய பரீட்சை இருக்கு. அதுல நல்ல மார்க் எடுத்தா சாதாரண ஹைஸ்கூல், அங்கிருந்து காலேஜ் கனவு. மார்க் குறைஞ்சா தொழிற்கல்வி ஸ்கூல், வெல்டிங்கோ சமையலோ ஆட்டோமொபைலோ கத்துக்கிட்டு சீக்கிரமே வேலைக்குப் போற பாதை. பிள்ளைங்கள்ல கணிசமான பங்கு இந்த ரெண்டாவது பாதையில போகுது. ஹாஸ்டல்ல தங்கணும், அப்பா அம்மா தூரத்துல, அதுலயும் கிராமத்துப் பிள்ளைங்களுக்கு அப்பா அம்மா வேற நகரத்துல வேலை பார்க்கிறவங்களா இருப்பாங்க, தாத்தா பாட்டி வளர்த்திருப்பாங்க. ட்ரெயினிங்னு ஒர்க்ஷாப்புக்குப் போனா அங்க இருக்கிற பெரியவங்க இடைவேளையில சிகரெட் நீட்டுவாங்க. 15 வயசுல நடந்த ஒரு பரீட்சை இந்தப் பையனை 5.6% இருக்கிற இடத்துலருந்து 14.7% இருக்கிற இடத்துக்குத் தள்ளிடுது. எல்லாத்தையும் சேர்த்து சராசரி போட்டு செய்தியில போடும்போது இந்த வித்தியாசம் காணாமப் போயிடுது.

2015ல லான்செட் மருத்துவ இதழ்ல ஆக்ஸ்ஃபோர்டு, சீன ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டாங்க. சீன இளைஞர்கள்ல மூணுல ரெண்டு பங்கு ஆம்பளைங்க புகைக்க ஆரம்பிக்கிறாங்க, பெரும்பாலும் 20 வயசுக்கு முன்னாடியே, விடாம தொடர்ந்தா அவங்கள்ல பாதிப் பேர் இதனாலயே சாவாங்கன்னு அதுல சொல்லியிருந்தாங்க. 2010ல வருஷத்துக்கு சுமார் 10 லட்சம் சாவு, இப்படியே போனா 2030ல 20 லட்சம். மிடில் ஸ்கூல்ல நூத்துக்கு நாலு, அப்புறம் ஆம்பளைங்கள்ல மூணுல ரெண்டு, அதுவும் பெரும்பாலும் 20 வயசுக்குள்ள. நடுவுல இருக்கிற அந்த அஞ்சு வருஷத்துலதான் பழக்கம் ஒட்டிக்குது.

ஏன் அந்த வயசுல ஒட்டிக்குது

உடம்பு சம்பந்தப்பட்ட காரணம் எல்லா நாட்டுக்கும் ஒண்ணுதான். மூளையில முடிவெடுக்கிற, ஆசையை அடக்குற முன்பகுதி 25 வயசு வாக்குலதான் முழுசா வளர்ந்து முடியும். அதுக்கு முன்னாடி நிக்கோட்டின் உள்ள போனா, அது கொடுக்கிற அந்தச் சின்ன சுகத்தை மூளை ரொம்ப சீக்கிரம் "இது வேணும்"னு பதிஞ்சு வச்சுக்கும். சின்ன வயசுல ஆரம்பிச்சவங்களுக்கு விடுறது கஷ்டமா இருக்கிறது மனவுறுதி இல்லாததால இல்ல, வளர்ந்துட்டிருந்த மூளையில பதிஞ்சுபோனதால.

சமூகக் காரணம்தான் சீனாவுக்குன்னு தனியா இருக்கு. அங்க சிகரெட் ஒரு மரியாதைப் பொருள். ரெண்டு ஆம்பளைங்க சந்திச்சா ஒருத்தர் பாக்கெட்டைத் தட்டி ஒண்ணு வெளிய தலைகாட்ட வச்சு நீட்டுவார், வாங்கிக்கிட்டா பேச்சு ஆரம்பிச்சிடும், வேண்டாம்னு சொன்னா நீட்டினவருக்கு சங்கடம். "சிகரெட்டுக்கும் சாராயத்துக்கும் என்னது உன்னதுன்னு பிரிவு கிடையாது"ங்கிற அர்த்தத்துல அங்க ஒரு பழமொழியே இருக்கு. புது வருஷத்துக்கு மாமனார் வீட்டுக்கு, மேலதிகாரி வீட்டுக்குப் போகும்போது சிவப்பு அட்டையில தியானன்மென் வாசல் படம் போட்ட ஜோங்ஹுவா சிகரெட் கார்ட்டன் கொண்டு போறது கௌரவம்.

ஒரு கல்யாணத்தைப் பாருங்க. பல ஊர்கள்ல கல்யாண விருந்துல மேசைக்கு மேசை ஒரு தட்டு இருக்கும். அதுல கல்யாண மிட்டாய், பக்கத்துலயே கல்யாண சிகரெட், பெரும்பாலும் இரட்டை மகிழ்ச்சி எழுத்து போட்ட சிவப்புப் பாக்கெட். மணப்பெண் ஒவ்வொரு மேசையா வந்து பெரியவங்களுக்குத் தன் கையால தீப்பெட்டி உரசி சிகரெட் பத்த வைக்கிற வழக்கம் பல குடும்பங்கள்ல இன்னமும் இருக்கு. அந்த மேசையில உக்காந்திருக்கிற எட்டு வயசுப் பையன் மிட்டாய எடுத்துக்குவான். சிகரெட்டை யாரும் அவனுக்குத் தரமாட்டாங்க, ஆனா எதெல்லாம் சந்தோஷம், எதெல்லாம் பெரியவனாகுறதுன்னு அவன் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கான். பத்து வருஷம் கழிச்சு அவனுக்கு முதல் சிகரெட்டை நீட்டப்போறது கெட்ட சகவாசம்னு நாம நினைக்கிற ஆள் இல்ல, பெரும்பாலும் சித்தப்பாவோ சீனியரோ முதல் வேலையில இருக்கிற மேஸ்திரியோதான்.

பொண்ணுங்க விஷயம் இதுக்கு நேர்மாறு. 2018ல பெண்கள்ல புகைக்கிறவங்க 2.1% மட்டும்தான், ஏன்னா இந்த மரியாதை வட்டத்துக்குள்ள அவங்களைச் சேர்க்கவே இல்ல. அவங்களுக்குப் பாதிப்பு மத்தவங்க விடுற புகைதான். 2014 சர்வேயில 13லருந்து 15 வயசுப் பசங்கள்ல 72.9% பேர் அந்த வாரத்துல யாரோ விட்ட புகையை சுவாசிச்சிருக்காங்க.

விக்கிறவரும் தடுக்கிறவரும் ஒருத்தரே

செய்தி படிக்கிறவங்களுக்கு அதிகம் குழப்பம் வர்ற இடம் இதுதான், அதனால மெதுவா போவோம்.

சீனாவுல சிகரெட் தொழில் முழுக்க அரசாங்கத்தோடது. 1982ல சீன தேசிய புகையிலைக் கழகம் உருவாச்சு, அது கம்பெனி. 1984ல அரசு புகையிலை ஏகபோக நிர்வாகம் வந்துச்சு, இது அந்தத் தொழிலைக் கண்காணிக்கிற அரசுத்துறை. பேர்தான் ரெண்டு, ஆபீஸும் ஆளுங்களும் ஒண்ணு, ஒரே வாசல்ல ரெண்டு பலகை. 1991ல ஏகபோகச் சட்டம் போட்டு இதை உறுதியாக்கினாங்க. உலகத்துலயே பெரிய சிகரெட் கம்பெனி இதுதான், உலகத்துல விக்கிற சிகரெட்டுல 40% மேல இங்கதான் தயாராகுது.

பணம் எவ்வளவுன்னு பார்த்தா ஏன் கை வைக்கத் தயங்குறாங்கன்னு புரியும். வரியும் லாபமும் சேர்த்து 2022ல 1.44 லட்சம் கோடி யுவான், 2023ல 1.52, 2024ல 1.6 லட்சம் கோடி. வருஷா வருஷம் ஏறுது. யுன்னான் மாதிரி புகையிலை விளையிற மாகாணங்களுக்கு இதுதான் முதுகெலும்பு.

இந்த அமைப்பு ஸ்கூலுக்குள்ளயே நுழைஞ்ச காலமும் இருந்துச்சு. 2008 சிச்சுவான் நிலநடுக்கத்துக்கு அப்புறம் புகையிலைப் பணத்துல திரும்பக் கட்டின ஒரு ஆரம்பப் பள்ளிக்கு சிச்சுவான் புகையிலை நம்பிக்கைப் பள்ளின்னு பேரு. அதோட சுவத்துல பெரிய எழுத்துல "மேதைமை உழைப்பால் வரும், புகையிலை உன்னைச் சாதனையாளனாக்க உதவும்"னு எழுதி வச்சிருந்தாங்க. ஆறு வயசுப் பிள்ளை தினமும் அதைப் படிச்சிட்டுதான் வகுப்புக்குப் போகணும். விஷயம் வெளிய வந்து நாடே கொதிச்சுது. அப்புறம் 2015ல விளம்பரச் சட்டத்தைத் திருத்தி பத்திரிகை, டிவி, பொது இடம், பஸ், ரயில் எல்லாத்துலயும் புகையிலை விளம்பரத்துக்குத் தடை, பிள்ளைங்ககிட்ட எந்த வடிவத்துலயும் கூடாதுன்னு வந்துச்சு. 2016 அறக்கட்டளைச் சட்டம் நன்கொடை பேர்ல புகையிலைக்கு விளம்பரம் தேடுறதையும் தடுத்துச்சு. இது ரெண்டும் உண்மையான முன்னேற்றம்.

சட்டம் என்ன சொல்லுது, கடையில என்ன நடக்குது

1. சிறார் பாதுகாப்புச் சட்டம் 2020ல திருத்தப்பட்டு 2021 ஜூன் 1லருந்து அமல்ல இருக்கு. 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு சிகரெட், இ-சிகரெட் விக்கக்கூடாது.

2. ஸ்கூல், கிண்டர்கார்டன் சுத்துவட்டாரத்துல புகையிலைக் கடையே வைக்கக்கூடாது.

3. வயசு சந்தேகமா இருந்தா கடைக்காரர் அடையாள அட்டை கேக்கணும், அறிவிப்புப் பலகை கண்ணுல படுற மாதிரி மாட்டணும்.

4. ஸ்கூலுக்குள்ள வாத்தியார் உட்பட யாரும் புகைக்கக்கூடாது.

5. பிள்ளை புகைக்கிறதைப் பார்த்துக்கிட்டு பெற்றோர் சும்மா இருக்கக்கூடாது.

எழுத்துல நல்லாத்தான் இருக்கு. ஆனா பிள்ளைங்களுக்கு விக்கக்கூடாதுங்கிற விதி அதுக்கு முன்னாடியே பல வருஷமா இருக்கு, இருந்தும் 2014 சர்வேயில சிகரெட் வாங்கின பசங்கள்ல 80% பேருக்கு வயசைக் காரணம் காட்டி யாரும் மறுக்கல. ஸ்கூல் வாசல்ல பேனா, நோட்டு, நூடுல்ஸ் விக்கிற சின்னக் கடையில பாக்கெட்டைப் பிரிச்சு ஒத்தை ஒத்தையா கொடுக்கிறதும் பழைய கதை. முழுப் பாக்கெட் வாங்கக் காசு இல்லாத பையனுக்கு ஒரு சிகரெட் வாங்கக் காசு இருக்கும். சமீபமா அரசு வழக்கறிஞர் அலுவலகங்களே ஸ்கூல் பக்கத்துக் கடைங்க மேல பொதுநல வழக்கு போட ஆரம்பிச்சிருக்காங்க, இது புதுசு, கவனிக்கவேண்டிய விஷயம்.

இ-சிகரெட்: மனசு வச்சா முடியும்னு காட்டின கதை

நாம இப்ப பார்க்கிற வடிவத்துல இ-சிகரெட்டைக் கண்டுபிடிச்சது ஹோன் லிக்ங்கிற சீன மருந்தாளர், 2003ல. தானும் நிறைய புகைக்கிறவர், அதை விட வழி தேடினவர். அப்புறம் ஷென்சென் நகரம் உலகத்துக்கே வேப், அதாவது இ-சிகரெட், செஞ்சு அனுப்புற இடமாச்சு.

உள்நாட்டுல இது பல வருஷம் யாரோட கட்டுப்பாட்டுலயும் இல்லாம ஓடிச்சு. சிகரெட்டுன்னா ஏகபோகச் சட்டம் இருக்கு, இது எலக்ட்ரானிக் சாமான்னு விட்டாங்க. மாம்பழம், தர்பூசணி, ஐஸ்க்ரீம்னு வாசனை வாசனையா, மால்ல போன் கடைக்குப் பக்கத்துல பளபளன்னு ஷோரூம். மிடில் ஸ்கூல் பசங்கள்ல பயன்பாடு 2014ல 1.2%, 2019ல 2.7%. சிகரெட் குறைஞ்சிட்டு இருந்த அதே காலத்துல இது இரட்டிப்புக்கு மேல ஏறுச்சு, சிகரெட் நாத்தம் பிடிக்காத பொண்ணுங்களும் இதுக்குள்ள வந்தாங்க.

அப்புறம் வரிசையா வந்த நடவடிக்கை இது: 2018 ஆகஸ்டுல பிள்ளைங்களுக்கு விக்கத் தடை, 2019 நவம்பர்ல ஆன்லைன் விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் தடை, 2021 நவம்பர்ல ஏகபோகச் சட்டத்தோட விதிகளுக்குள்ள இ-சிகரெட்டையும் சேர்த்தாங்க, 2022 மே மாசத்துலருந்து புகையிலை வாசனை தவிர மத்த எல்லா வாசனைக்கும் தடை, அக்டோபர்ல தேசியத் தரம், நவம்பர்ல 36% வரி. ஸ்கூல் பசங்க மொத்தத்துல இ-சிகரெட் பயன்பாடு 2021ல 3.6% இருந்தது 2023ல 2.4% ஆச்சு.

ரெண்டே வருஷத்துல மூணுல ஒரு பங்கு குறைஞ்சிடுச்சு. வாசனையை எடுத்தா பிள்ளைங்க ஆர்வம் போயிடும்ங்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்? ஆனா இந்த வேகம் ஏன் சிகரெட்டுக்கு வரலைங்கிறதையும் கேக்கணும். இ-சிகரெட் அரசாங்கக் கம்பெனிக்குப் போட்டியா வளர்ந்த தனியார் தொழில். அதைக் கட்டுக்குள்ள கொண்டு வந்ததுல பிள்ளைங்க உடல்நலமும் காப்பாத்தப்பட்டுச்சு, சிகரெட் சந்தையும் காப்பாத்தப்பட்டுச்சு. வாசனை கேப்ஸ்யூல் வச்ச சிகரெட்டுக்கும், பொண்ணுங்களைக் குறிவச்ச மாதிரி இருக்கிற மெல்லிசு சிகரெட்டுக்கும் அப்படியொரு தடை வரல.

ஓட்டையும் இருக்கு. தடைக்கு அப்புறம் "பால் டீ கப்", "கோலா கேன்"னு ஒரு கள்ளச் சரக்கு கிளம்புச்சு. பார்க்க உள்ளங்கை அளவு பபுள் டீ டம்ளர், மேல ஸ்ட்ரா மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும், அந்த ஸ்ட்ராவுலதான் இழுக்கணும். பென்சில் பாக்ஸ் பக்கத்துல வச்சிருந்தா பொம்மைன்னுதான் டீச்சரும் அம்மாவும் நினைப்பாங்க. இன்னும் மோசம், எட்டோமிடேட்ங்கிற மயக்க மருந்தைக் கலந்த வேப்பும் வந்து, 2023 அக்டோபர்ல அந்த மருந்தைக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல சேர்க்கவேண்டி வந்துச்சு. ஏத்துமதிக்குப் போறதுக்கு வாசனைத் தடை கிடையாது, போற நாட்டுச் சட்டம்தான் பொருந்தும். அதனால தர்பூசணி வாசனை வேப் ஷென்சென்ல இன்னமும் தயாராகுது.

விலை, பாக்கெட், பொது இடம்

பிள்ளைங்ககிட்ட காசு கம்மி, அதனால விலை ஏறினா முதல்ல நிறுத்துறது அவங்கதான், இது பல நாட்டுல பார்த்த உண்மை. விலையில 75% வரியா இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, சீனாவுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான். 2009ல வரியை ஏத்தினப்ப கம்பெனியே அதைத் தாங்கிக்கிட்டதால கடை விலை ஏறவே இல்ல, 2015ல ஏத்தினப்பதான் வாங்குறவர் கைக்கு வந்துச்சு. 10 யுவானுக்கு உள்ளயே பாக்கெட் இன்னமும் கிடைக்குது, மக்கள் வருமானம் அதைவிட வேகமா ஏறிடுச்சு.

பாக்கெட் விஷயம் இன்னும் கஷ்டமா இருக்கு. சீனா 2003ல சர்வதேசப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுச்சு, 2006 ஜனவரில அமலுக்கு வந்துச்சு. ஆனா மெயின்லாந்து, அதாவது ஹாங்காங் மாதிரி தனி நிர்வாகப் பகுதி தவிர்த்த சீனாவோட பாக்கெட்டுல எச்சரிக்கை இன்னிக்கும் வெறும் எழுத்துதான், நோய்ப் படம் எதுவும் கிடையாது. மலையும் பாண்டாவும் அரண்மனையுமா அட்டை அழகா இருக்கும். ஷென்சென்லருந்து எல்லை தாண்டி ஹாங்காங் போனா அதே சீன பிராண்ட் பாக்கெட்டுல 85% இடத்துக்கு நோய்ப் படம் போட்டிருக்கும். கம்பெனிக்கு அச்சடிக்கத் தெரியும்ங்கிறது அதுலயே தெரியுது. கல்யாணத்துலயும் பரிசாவும் சிகரெட் கொடுக்கிற அந்த கௌரவம் உடையணும்னா இந்தப் படம்தான் மத்த எல்லாத்தையும்விட வேலை செய்யும்னு நான் நினைக்கிறேன். அழுகின நுரையீரல் படம் போட்ட பாக்கெட்டை மிட்டாய்க்குப் பக்கத்துல தட்டுல வைக்க யாருக்கு மனசு வரும்?

பொது இடத்துல பெய்ஜிங் 2015லயும் ஷாங்காய் 2017லயும் கட்டடத்துக்குள்ள முழுத் தடை கொண்டு வந்துச்சு. நாடு முழுக்க ஒரே சட்டத்துக்கு 2014லயே வரைவு வந்து, இன்னும் சட்டமாகல.

எது வேலை செய்யும்

வகுப்புல புகை கெடுதல்னு பாடம் நடத்துறது தப்பில்ல, ஆனா தனியா அது பெருசா ஒண்ணும் சாதிக்காது. 14 வயசுப் பையனுக்குப் புற்றுநோய் வரும்னு தெரியாம இல்ல, அவனுக்கு 50 வயசுங்கிறது வேற யாரோட வாழ்க்கையோ மாதிரி. அவனுக்குப் பயன்படுறது இன்னிக்குத் தேவைப்படுற திறமை, அதாவது மேஸ்திரி சிகரெட் நீட்டும்போது அவர் முகம் வாடாம எப்படி வேண்டாம்னு சொல்றது, ஹாஸ்டல் ரூம்ல ஆறு பேர்ல நாலு பேர் புகைச்சா என்ன பண்றது. இந்தப் பயிற்சி முதல்ல தொழிற்கல்வி ஸ்கூலுக்குப் போகணும். ஏற்கனவே பழகின பையனைப் பிடிச்சு எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தி வீட்டுக்கு அனுப்புறதுக்குப் பதிலா விட உதவி பண்ணணும், அவன் அப்பா புகைக்கிறவரா இருந்தா அவரையும் சேர்த்து.

இன்னொண்ணு, ஏகபோகத்தைத் தடையா மட்டும் பார்க்கவேண்டியதில்ல. நாடு முழுக்க 50 லட்சத்துக்கு மேல சில்லறைக் கடைங்க சிகரெட் விக்குது, ஒவ்வொண்ணுக்கும் லைசன்ஸ் கொடுக்கிறது அந்த ஒரே நிர்வாகம். பையனுக்கு வித்தா லைசன்ஸ் போயிடும்னு நாலு தெருவுல நடத்திக் காட்டினா அஞ்சாவது தெருக் கடைக்காரர் தானா அடையாள அட்டை கேப்பார். பல நாடுகளுக்கு இவ்வளவு நேரடியான பிடி கிடையாது.

அடுத்த சர்வே வரும்போது எதைப் பார்க்கணும்

சீனாவோட இலக்கு 2030க்குள்ள பெரியவங்கள்ல (15 வயசுக்கு மேல உள்ளவங்க) புகைக்கிறவங்களை 20%க்குக் கொண்டுவர்றது. 2018ல 26.6%, 2022ல 24.1%, 2024ல 23.2%. அந்த ஆறு வருஷத்துல 3.4 புள்ளி குறைஞ்சிருக்கு, 2024லருந்து 2030 வரைக்குமான ஆறு வருஷத்துலயும் கிட்டத்தட்ட அதே அளவு குறையணும். அது நடக்குமாங்கிறது இப்ப ஸ்கூல்ல இருக்கிற பசங்க 20 வயசைத் தாண்டும்போது என்ன பண்றாங்கங்கிறதைப் பொறுத்தது. தலைப்புச் செய்தியில வர்ற மொத்த சதவீதத்தை விட்டுட்டு உள்ள இருக்கிற மூணு வரியைத் தேடுங்க:

1. தொழிற்கல்வி ஸ்கூல் பசங்களோட சதவீதம், அது சாதாரண ஹைஸ்கூலுக்குப் பக்கத்துல வருதா.

2. கடையில வயசு கேட்டு மறுக்கப்பட்டவங்க எத்தனை பேர்.

3. 15லருந்து 24 வயசு ஆம்பளைங்களோட கணக்கு. இது ஸ்கூல் சர்வேயில வராது, பெரியவங்க சர்வேயில தனி வரியா இருக்கும், அதைத்தான் முதல்ல படிக்கணும்.